ஒலிவழி நிற்கும் ஒளி: கொங்கு நாட்டு அரங்கு பற்றிய ஓர் ஆய்வு

கோவை மாநகர்க்குக் கிழக்கே, திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியில் உள்ளது சூலூர். நொய்யலாற்று நீரால் நிறையும் குளங்களையுடைய பழைய ஊர். இவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் கோயில் விழாக்களின்போது நிகழும் வள்ளிக் கும்மியை இன்று காண்பார்க்குப் புதியதொரு காட்சியும் புலனாகும். ஆடுகளத்தின் ஓரத்தே ஒலிபெருக்கியை ஆளும் மேசை ஒன்று. பெருந்திரையில் நிழற்படமும் அசைபடமும் காட்டும் கணிப்பொறி ஒன்று. வண்ண விளக்குகளை ஆளும் மேசை மற்றொன்று. பாடல் ஓரடி முடித்து மறுதிருப்பம் கொள்ளுங்கால் மூன்றும் ஒருங்கே மாறவேண்டும். மாறாவிடின் கண் ஒரு வழியும் செவி ஒரு வழியும் செல்ல, காண்போர் உள்ளம் நிலைகொள்ளாது.

இவ்வொருங்கிசைவைப் பெறும் நெறி இரண்டு. ஓடும் கடிகாரம் ஒன்றைத் தலைமையாக வைத்து, ஒலி, படம், விளக்கு ஆகிய மூன்றையும் அதற்கு அடங்கச் செய்தல் ஒன்று. பாடுவோனைத் தலைமையாகக் கொண்டு, கருவியாளர் அவன் குரல் கேட்டு இயங்குதல் மற்றொன்று. இவற்றுள் முன்னையது இக்காலப் பொறியியலின் ஆக்கம் என்றும், பின்னையது நாட்டுப்புறத்தாரின் பழங்கைவினை என்றும் கூறி அமைவர் பலர். வரலாறு அத்துணை எளிதாக இல்லை என்பதையே ஈண்டுக் காட்ட முயல்கின்றோம்.

அரங்கில் பல கருவிகள் ஒன்றையொன்று பின்பற்றும் முறைக்குத் தமிழில் நாம் அறிந்த தெளிவான சான்று சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையே. குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின்னர் முழவும் நின்றமையையும், இறுதியில் ஆமந்திரிகை கூடி இசைத்தமையையும் இளங்கோவடிகள் முறைப்படக் கூறுகின்றார். கருவிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஒலித்தன என்று ஒரு சொல்லால் முடித்திருக்கலாம். அங்ஙனம் கூறாது, எது எதனைப் பின்பற்றிற்று என்று வரிசைப்படுத்தியமை நோக்கத்தக்கது. அதே காதையில், தூண்களின் நிழல் அரங்கின்கண் விழாது புறத்தே படும் வண்ணம் விளக்கு வைத்தமையும் சொல்லப்படுகின்றது. எனினும் அவ்விளக்கு நிலைவிளக்கு. இசைக்கேற்ப ஏறுவதும் இறங்குவதும் அதற்கு இல்லை. ஒளி ஒலியின் வழி நிற்கத் தொடங்கியது மிகப் பிற்காலத்தே என்க.

இக்காதைக்கு விரிந்த உரை கண்ட அடியார்க்குநல்லாரை நிரம்பையர் என்பர். நிரம்பை கொங்கு நாட்டில் பெருந்துறையை அடுத்த ஊர் என்பது அறிஞர் பலர் கொள்கை. 1892-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் இவ்வுரையைச் சிலப்பதிகாரத்தோடு பதிப்பித்திராவிடின் அரங்கு, எழினி, விளக்கு பற்றிய செய்திகளுள் பெரும்பாலன நமக்கு எட்டியிரா. 'ஒத்தியக்கம்' என்னும் புதுச்சொல்லினும் 'வழிநிற்றல்' என்னும் இளங்கோவடிகளின் வழக்கே நம் பொருளுக்கு இயைபுடைத்து. தலைமை யாது, பின்பற்றுவது யாது என்ற வினாவை அச்சொல்லே எழுப்பிவிடுகின்றது.

பாலைக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கொங்கு நாட்டின் அண்டையிலே, பகவதி கோயில்களின் கூத்து மாடங்களில் நிகழும் தோற்பாவைக் கூத்து இவ்வகையில் அரிய சான்றாகும். நீண்ட வெண்திரைக்குப் பின்னே இருபத்தொரு விளக்குகள் வரிசையாக எரியும். கம்பராமாயணத்துத் தமிழ்ப் பாடல்களைப் புலவர் பாடிப் பொருள் விரிப்பர். பாடும் வாயும் பாவையை அசைக்கும் கையும் பெரும்பாலும் ஒருவருடையனவே. ஒலியும் உருவும் ஓருடலில் தோன்றுமிடத்து இணைப்புக் கருவி எதற்கு? வாய் ஒருவனுக்கும் கை வேறொருவனுக்கும் ஆனபோதே இச்சிக்கல் பிறந்தது. படம் ஒரு பொறியிலும் குரல் வேறொரு பொறியிலும் புகுந்தபோது அது முற்றியது.

அந்நிலை கோவைக்கு வந்த வரலாறு சாமிக்கண்ணு வின்சென்ட் அவர்களோடு தொடர்புடையது. தென்னிந்திய இரயில்வேயில் வரைபடப் பணியில் இருந்த அவர், 1905-இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர்தோறும் கூடாரம் அடித்துக் காட்டினார். அவர் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால் திரையரங்கின் பெயரைச் சாலைப் பெயர் இன்றும் தாங்கி நிற்கின்றது. அக்காலத்துப் படம் பேசாது. அரங்கில் இருந்த வாத்தியக்காரரோ விளக்கம் சொல்வாரோ திரையைப் பார்த்துத் தம் ஒலியை அமைத்துக்கொண்டனர். எனவே படம் தலைமை, மனிதன் வழிநிற்பவன்.

ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் இரகுபதி வெங்கையா அவர்கள் குரோனோமெகபோன் என்னும் கருவியைத் தருவித்து, இசைத்தட்டின் ஒலியோடு சிறு படங்களைக் காட்டினார். இவ்வகைக் கருவிகளுக்கு வழிகாட்டியவர் பிரான்சு நாட்டுக் கோமான் என்னும் பொறியாளர். படக்கருவியையும் இசைத்தட்டுக் கருவியையும் மின்கம்பியால் பிணைத்து, ஒன்று முந்தின் மற்றதை விரைவிக்கவும் தாழ்த்தவும் கூடிய ஆளுபலகை ஒன்றை அவர் அமைத்தார். அப்பலகைக்கு அவர் இட்ட பெயர், தமிழில் சொல்வதாயின், 'இசைக்குழுத் தலைவர்' என்பதாம். மனிதனுக்குரிய பட்டம் ஒரு பலகைக்குச் சூட்டப்பட்ட நேரம் அது.

தட்டும் படச்சுருளும் இருவேறாய் இருந்தவரை, சுருளில் ஒரு சிறு துண்டு அறுந்து ஒட்டப்படினும் பின்வரும் குரல் முழுதும் பிழைபட்டது. ஒலியை ஒளிக்கோடாக மாற்றிப் படச்சுருளின் விளிம்பிலேயே பதித்தமையால் இக்குறை நீங்கியது. ஆங்கும் ஒரு நுட்பம் உண்டு. படம் ஒளிவாயிலில் நொடிக்கு 24 முறை நின்று நின்று செல்லவேண்டும். ஒலியோ இடையறாது ஓடவேண்டும். ஆதலின் ஒலி படிக்கும் இடம் வேறாக வைக்கப்பட்டது. ஒரு படச்சட்டத்துக்குரிய ஒலி, ஏறக்குறைய 20 சட்டங்களுக்கு அப்பால் சுருளில் பதிந்திருக்கும். காண்பதும் கேட்பதும் ஒருங்கே நிகழ்வனபோல் தோன்றினும், சுருளில் அவை ஓரிடத்தே இருந்தில.

1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்தபின் வின்சென்ட் அவர்களும் படத் தயாரிப்பில் ஈடுபட்டார். 1933-இல் கல்கத்தாப் படநிறுவனத்தோடு இணைந்து அவர் எடுத்த படம் 'வள்ளி திருமணம்'. கொங்கு நாட்டார் கும்மியடித்துப் பாடும் அதே கதை, கொங்கு நாட்டார் ஒருவரால் ஒலியும் படமும் பிரியாத சுருளில் ஏற்றப்பட்டது என்பது நம் ஆய்வுக்கு மிக இயைந்த செய்தி. சில ஆண்டுகளில், கோவைக்கும் சூலூருக்கும் இடைவழியிலுள்ள சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ தோன்றியது. 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தின் ஆற்றல் கோவை ஆலைகளை வளர்த்ததைப் பலரும் எழுதியுளர். இவ்வட்டாரத்து மேடைகளையும் படமனைகளையும் அவ்வாற்றல் எங்ஙனம் மாற்றியது என்பதை எழுதியோர் சிலரே.

பேசும்படத்தின் தொடக்கத்தில் நடிகர் படப்பிடிப்பின்போதே பாடினர். வாத்தியக்காரர் கருவியின் கண்ணுக்குப் படாமல் மறைந்து நின்று அவர் குரலைப் பின்பற்றினர். 1938-இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாடல் முறை தமிழுக்கு வந்தது. அதன்பின் பாட்டு முன்னரே பதிவாகும். நடிகர் அதற்கு உதடு அசைப்பர். நம் வரலாற்றின் திருப்புமுனை இதுவே என்பது எம் கருத்து. முன்னரும் பொறிகளைப் பின்பற்றிய மனிதர் உண்டு. அவர்கள் திரைக்குப் புறத்தே இருந்தனர். இப்போதோ ஆடிப்பாடுவோனே பதிவின் வழி நிற்பவன் ஆனான்.

மேடை விளக்கோ நெடுங்காலம் கைவினையாகவே இருந்தது. உப்புநீர்ப் பாண்டத்துள் உலோகத் தகடுகளை நெருக்கியும் விலக்கியும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை உலக மேடைகள் பலவற்றில் வழங்கியது. அதனை இயக்கியவன் நடிகனின் மூச்சைக் கேட்டு இயக்கினான். 1952-இல் பிரான்சின் சம்போர் அரண்மனையில் புதுவகைக் காட்சி தொடங்கியது: நடிகர் இல்லை, ஒலிப்பதிவு கதை சொல்ல, விளக்குகள் கட்டடத்தின்மேல் ஏறி இறங்கின. தில்லிச் செங்கோட்டை அதனை 1965-இலும், மதுரைத் திருமலை நாயக்கர் மகால் 1981-இலும் பெற்றன. மதுரைக் காட்சியில் சிலப்பதிகாரக் கதையும் இடம்பெற்றது. நிழல் விழாமல் விளக்கு வைக்கச் சொன்ன நூலின் கதையை, நிழலையே பொருளாக்கிய விளக்குகள் கூறின!

இனி இன்றைய மேசைக்கு வருவோம். 1960-களின் இறுதியில் வகுக்கப்பட்ட நேரக்குறி என்னும் ஏற்பாடு மணி, நிமிடம், நொடி, சட்டம் என்ற நான்கு எண்களை ஒலித்தடம் ஒன்றிலேயே பதிக்கும். நொடிக்கு 25 சட்டம் எனின் ஒரு மணி நேரத்தில் 90,000 முகவரிகள் கிடைக்கும். விளக்கு மேசை அவ்வெண்ணைப் படித்து, குறித்த முகவரி வந்ததும் குறித்த காட்சியை ஏற்றும். மேசையினின்று விளக்குகளுக்கு ஆணை செல்லும் மொழி 1986-இல் அமெரிக்காவில் வகுத்த டி.எம்.எக்ஸ். 512, ஒரு கம்பியில் 512 தடங்கள், தடந்தோறும் 0 முதல் 255 வரை அளவு. ஒலி, படம், விளக்கு மூன்றும் ஓர் எண்ணைப் படிப்பதால் தாமே தவறுதற்கு இடமில்லை.

ஆயின் வள்ளிக் கும்மியில் ஆசான் அந்த எண்ணைப் படிப்பதில்லை. களத்து ஆட்டம் தளர்ந்தால் அவர் அடியைத் திரும்பப் பாடுவார். ஊக்கம் மிகுந்தால் நடையை முடுக்குவார். முதியோர் ஒருவர் வந்து அமர்ந்தால் அவரை வாழ்த்தி இரண்டு அடி கூட்டுவதும் உண்டு. பெண்களுக்கும் இக்கலையைப் பயிற்றி, 2024-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் போன்ற ஆசான்மாரின் திறம் இந்நெகிழ்ச்சியிலேதான் பெரிதும் உள்ளது. கடிகாரத்தைத் தலைமையாக்கினால் இரண்டில் ஒன்று நிகழும். ஆசான் காதில் தாளத்தட்டு கேட்கும் கருவியை அணிந்து அதற்கு அடங்கிப் பாடவேண்டும்; அன்றேல் அவர் பாடலைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டு, அவரை வாளா நிற்கச் செய்யவேண்டும். பின்னணிப் பாடல் நடிகனுக்குச் செய்ததே ஆசானுக்கும் நேரும்.

கைமுறையே போதும் என்று இதனால் கூறிவிடலும் ஆகாது. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டரே செல்லும். 68 மீட்டர் தொலைவில் நிற்கும் ஆட்டக்காரி ஆசான் குரலை ஐந்திலொரு நொடி தாழ்த்துக் கேட்கிறாள். விளக்கு மாறுவதையோ அக்கணமே காண்கிறாள். வட்டங்கள் பல விரியும் பெருங்களத்தில் ஒரு வட்டம் கைகொட்டும்போது மறுவட்டம் கையை விரித்து நிற்பதற்கு இதுவே காரணம். பயிற்சிக் குறைவு என்று சொல்லுதல் அநீதி. தொலைவிலுள்ள ஒலிபெருக்கிகளை முன்னுள்ளவற்றின் ஒலி வந்து சேரும் நேரத்துக்கேற்பத் தாழ்த்தியும், பெருந்திரைக் கணிப்பொறி எடுத்துக்கொள்ளும் சில சட்ட நேரத்தை அளந்து விளக்கையும் அவ்வளவு தாழ்த்தியும் வைத்தல் பொறியாளர் கடன். ஒலி படத்துக்கு 45 ஆயிரத்தொரு நொடிப்பகுதி முந்தினாலும், 125 பகுதி பிந்தினாலும் மனிதர் உணர்வர் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவு. பிந்துவதைவிட முந்துவதையே நாம் விரைந்து உணர்கிறோம். இடி மின்னலுக்கு முந்தக் கண்டார் யாருமிலர் அல்லரோ!

எனவே நேரக்குறியை முழுதும் விலக்காது, இடம் பிரித்துக் கொள்ளுதலே தக்கது. தொடக்கத்து வரவேற்புப் படம் போன்று மனிதக் குரல் இல்லாத பகுதிகள் கடிகாரத்தின் வழி நிற்கலாம். ஆசான் வாய் திறந்ததும் நேரக்குறியை நிறுத்தி, காட்சிமாற்றப் பொத்தானை மேசையாளர் கையில் விடல் வேண்டும். அங்ஙனம் விடுங்கால் அவர்க்குப் பாட்டுத் தெரிந்திருத்தல் இன்றியமையாதது. எவ்வடியில் திருப்பம், எவ்வடியில் முடுக்கம், எவ்வடி ஆசான் விருப்பப்படி மீளும் என்பன அவர் அறியவேண்டுவன. கும்மிப் பாடல் ஏடுகளும் சிறுவெளியீடுகளும் சொற்களைத் தருகின்றன. இக்குறிப்புகளைத் தருவனவாக நாம் கண்டவற்றுள் ஒன்றும் இல்லை. ஆசான்மார் பாடுங்கால் உடனிருந்து, அடிதோறும் நடைமாற்றம் குறித்த பாடம் ஒன்றை வள்ளிக் கும்மிக்கு முதற்கண் ஆக்குதல் தமிழ்த்துறை மாணாக்கர் செய்யக்கூடிய பணி. அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் உரை எத்தகையதோ, அத்தகைய உதவியை விளக்கு மேசைக்கு அது செய்யும்.