கோட்டாற்றுக் கல்லறையும் ஒரு பட்டப்பெயரும்

நாஞ்சில் நாட்டுக் கோட்டாறு பண்டுதொட்டே வணிகப் பேரூர். ஆங்குள்ள புனித சவேரியார் ஆலயம், 1930-இல் கோட்டாறு தனி மறைமாவட்டமானது முதல் தலைமைக்கோயிலாகவும் விளங்குகின்றது. எனினும் யாத்திரிகர் நாடுவது அதனுள்ளிருக்கும் தேவசகாயத்தின் கல்லறையையே.

1712-இல் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாய்ப் பிறந்த இவர், குளச்சற் போரிற் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயிடம் மறையுணர்ந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரின் தமிழாக்கமே தேவசகாயம். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

'பிள்ளை' மட்டும் அவரை விடவில்லை. 2012-இல் அருளாளரான போதும் உடனிருந்தது. 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பெறுமுன் உரோமை அதனை நீக்கிற்று. அப்பட்டமுடைய நம்மவருள் இதற்கு வருந்துவாரும் உளர். யாம் வருந்திலேம். சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் கலந்து பழகியவர் என்றன்றோ அவரைப் போற்றுகின்றோம். அவர் பாராததை அவர் பெயரில் நாம் தேடுவானேன்?