ஆணிப் படுக்கை, அலுமினிய ஆப்பு

பால் ஐஸ்லர் லண்டனில் 1936 வாக்கில் அச்சிட்ட செப்புப் பாதைகளைக் கொண்டு ஒரு ரேடியோவைச் செய்துகாட்டியபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போர்தான் அச்சிட்ட சுற்றுகளுக்கு வேலை கொடுத்தது. ஆனால் இந்தச் சுற்றுகள் பதித்த போர்டைச் சோதிக்கும்போது பிடித்துவைக்கும் கருவிக்கு, அதாவது ஃபிக்ஸ்சருக்கு, வழிவகுத்தது 1950களில் வந்த அலை சால்டரிங். உருகிய ஈயக் கலவை அலையாகப் பொங்கும். போர்டு அதன்மேல் ஊர்ந்து போகும். நூற்றுக்கணக்கான இணைப்புகள் சில நொடிகளில் பற்றிக்கொள்ளும். செய்வது நொடிக்கணக்கு, சரிபார்ப்பது மணிக்கணக்கு. மீட்டரின் இரண்டு முனைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்தால் உற்பத்தி என்னாவது?

எல்லாப் புள்ளிகளையும் ஒரே சமயத்தில் தொட்டுவிடும் ஆணிப் படுக்கை இப்படித்தான் தொழிற்சாலைக்குள் வந்தது. கண்ணாடியிழைப் பலகையில் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் ஸ்பிரிங் வைத்த ஊசி. அடிப்பக்கம் ஒயர்களின் காடு. மூலைகளில் நிற்கும் இரண்டு மூன்று வழிகாட்டிக் கம்பிகளில் போர்டு வந்து உட்காரும். சோதித்த போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், சால்டர் பொட்டுகளில் ஊசி கொத்திய நுண்ணிய தழும்பு தெரியும்.

சிக்கல் எடையில் வந்தது. ஓர் ஊசியை அழுத்த 200 கிராம் விசை வேண்டுமென்றால், 1,000 ஊசிக்கு 200 கிலோ. கையால் ஆகிற காரியமா? போர்டைச் சுற்றி ரப்பர் விளிம்பு வைத்து, கீழிருக்கும் காற்றை பம்பால் உறிஞ்சினார்கள். 20க்கு 25 சென்டிமீட்டர் போர்டுக்கு அடியில் பாதிக் காற்றை இழுத்தாலே, மேலிருக்கும் காற்று சுமார் 250 கிலோவாக அழுத்தும். மூடாத துளைகள் இருந்தால் காற்று கசியும். அழுத்தம் ஒரு பக்கம் கூடினால் போர்டு வளைந்து, நன்றாயிருந்த சால்டர் விரிசல் விடும். சோதனையே பழுதை உண்டாக்குவதைவிட எரிச்சலான விஷயம் இந்தத் தொழிலில் கிடையாது. வளையாமலிருக்க அடியில் தாங்குகால்கள் நட வேண்டியதாயிற்று.

இந்தச் சோதனையில் போர்டு அதிகம் சூடாவதில்லை. முழு மின்சாரம் கொடுத்து அதை உண்மையாக வேலைசெய்ய வைக்கும்போதுதான் வினை. பெட்டியிலிருந்து எடுத்த போர்டுக்குப் பெட்டியின் காற்றோட்டமும் போய்விடுகிறது. பக்கத்தில் ஒரு ஃபேனைத் திருப்பி வைத்தால் காற்று கிடைத்த இடைவெளியில் நழுவிப் போகுமே தவிர, சிப்களுக்கு நடுவே புகாது. அதனால் ஃபிக்ஸ்சர்மேல் அக்ரிலிக் கூடு கட்டிக் காற்றுக்குப் பாதை போட்டார்கள்.

விமானத்துக்கான போர்டுகள் இன்னும் கறார். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஃபேனை நம்ப முடியாது. அலுமினியச் சட்டம் வழியாகச் சூடு விளிம்புக்கு வந்து, பெட்டிச் சுவரில் இறங்க வேண்டும். விளிம்பில் வரிசையாகச் சிறு ஆப்புகள். திருகை முறுக்கினால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பருத்து, போர்டைச் சுவரோடு இறுக்கும். பிடிப்பதும் குளிர்விப்பதும் ஒரே உறுப்பின் வேலையாகிவிட்டது. 1976இல் வந்த கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டரிலும் சூடு விளிம்புக்குத்தான் போனது: போர்டுகளுக்கு நடுவே செப்புத் தகடு, ஓரத்தில் ஃப்ரியான் என்ற குளிரூட்டி ஓடும் குழாய். அந்த ஃப்ரியானோடு கலந்த எண்ணெய் கசிந்து போர்டுகளில் படிந்ததால் முதல் கம்ப்யூட்டரே சுமார் ஆறு மாதம் தாமதமானது.

ஆப்பு வைத்த போர்டை வெறும் மேசையில் ஓட்டினால் சூடு இறங்க இடமில்லை. ஆகவே அதன் ஃபிக்ஸ்சரிலும் அதே பள்ளம் வெட்டிய உலோகச் சுவர், உள்ளே தண்ணீர் ஓடும் வழி. திருகு அரைகுறையாக முறுக்கியிருந்தால் போர்டு ஆடாது, ஆனால் சூடு மட்டும் ஏறும். பழி போர்டுமேல் விழும். போர்டைக் கழற்றுவதற்கு முன் திருகைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

1990இல் ஐ.இ.இ.இ. 1149.1 தரநிலை வந்தபின், சிப்களே உள்ளிருந்து தங்கள் இணைப்புகளைச் சோதிக்க முடிந்தது, ஆணிகள் குறைந்தன. சிப்களின் சூடோ ஏறிக்கொண்டே போகிறது. டேட்டா சென்டர் போர்டுகளைச் சோதிக்கும் ஃபிக்ஸ்சர்கள் சிலவற்றில் இன்று ஊசிகளோடு, கழற்றும்போது சொட்டாத தண்ணீர் இணைப்பான்களும் இருக்கின்றன.