ஒரு பெயரை அழித்தால் எத்தனை சாட்சியங்கள் போகும்? தரவுத்தளத்தில் அழித்தல் பற்றிய ஒரு விளக்கம்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தமது வாக்குமூலத்தைப் பல தடவைகள் கொடுத்துவிட்டார்கள். 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் அமைந்த பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று இடங்கள் மாறினவே தவிர, சொல்லவேண்டிய கதை மாறவில்லை. அவ்வாறான விபரங்களைக் கணினியில் ஆவணப்படுத்தும் எந்த அமைப்பும், பதிவை எப்படிச் சேர்ப்பது என்பதைவிட எப்படி அழிப்பது என்பதையே முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அழித்தல் எவ்வாறு நடக்கிறது?

பைத்தன் மொழியில் இயங்கும் ஜாங்கோ, இணையச் செயலிகளை உருவாக்கப் பரவலாகப் பயன்படும் ஒரு சட்டகம். அதிலுள்ள ஓ.ஆர்.எம். என்ற பகுதி, தரவுத்தள அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் நிரலில் ஒரு பொருளாகக் காட்டுகிறது. அந்தப் பொருளுக்கு 'டிலீட்' என்று கட்டளையிட்டால் போதும். தரவுத்தளத்துக்குரிய எஸ்.கியூ.எல். கட்டளையை அதுவே எழுதிக்கொள்ளும். இந்த இலகுவில்தான் ஆபத்தும் இருக்கிறது.

'நபர்' என்று ஓர் அட்டவணையும் 'சாட்சியம்' என்று இன்னொன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சாட்சியமும் ஒரு நபருடன் இணைக்கப்பட்டிருக்கும். நபரை அழித்தால் சாட்சியத்துக்கு என்ன நடக்கும் என்பதை, அந்த இணைப்பை எழுதும்போதே தீர்மானிக்க வேண்டும். ஜாங்கோ 2.0 பதிப்பிலிருந்து இது கட்டாயம். முக்கியமான தெரிவுகள் மூன்று:

'காஸ்கேட்': நபருடன் அவருக்குரிய சாட்சியங்கள் அனைத்தும் அழியும்.

'செட் நல்': சாட்சியம் எஞ்சும்; ஆனால் அது யாரைப் பற்றியது என்ற இணைப்பு வெறுமையாகிவிடும்.

'புரொடெக்ட்': சாட்சியம் இருக்கும்வரை நபரை அழிக்க ஜாங்கோ மறுத்துவிடும்.

ஒரே ஆளின் பெயர் தமிழில் ஒருவிதமாகவும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தெழுதியபோது வேறுவிதமாகவும் இரண்டு தடவை பதியப்படுவது சாதாரணம். மேலதிகமானது என்று ஒன்றை அழிக்கும்போது 'காஸ்கேட்' இருந்தால், தாயார் கொடுத்த வாக்குமூலம் அந்தப் பதிவில்தான் இருந்தது என்பது பின்னரே தெரியவரும். ஆகவே இத்தகைய தரவுக்கு 'புரொடெக்ட்' பொருத்தமானது. சாட்சியங்களை வைத்திருக்கப்போகும் பதிவுக்கு முதலில் மாற்றுங்கள். அதன் பின்னர் மற்றதை அழியுங்கள்.

மொத்தமாக அழிக்கும்போது

ஒரு நிபந்தனைக்குப் பொருந்தும் பதிவுகளையெல்லாம் ஒரே கட்டளையில் அழிக்கலாம். அதற்கு முன்னர், அதே நிபந்தனையைக் கொடுத்து எத்தனை பதிவுகள் என்று எண்ணிப் பாருங்கள். அழித்த பின்னர், எந்த அட்டவணையில் எத்தனை போயின என்ற கணக்கை ஜாங்கோ தரும். முழு வேலையையும் ஒரு 'டிரான்சாக்ஷன்' உள்ளே செய்து, கணக்கு பிழைத்தால் பிழைச் செய்தியுடன் நிறுத்தும்படி எழுதினால், எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இன்னொன்று: அழிக்கும் முறையை உங்கள் தேவைக்கேற்ப நீங்கள் மாற்றி எழுதியிருந்தாலும், மொத்தமாக அழிக்கும்போது அந்த முறை அழைக்கப்படாது.

மறைத்தல் வேறு, அழித்தல் வேறு

பதிவை உண்மையில் அழிக்காமல், 'நீக்கப்பட்டது' என்று குறியிட்டு மறைத்துவைக்கும் வழக்கமும் உண்டு. தவறுதலாக நீக்கியதை மீட்க இது உதவும். ஆனால் சாட்சியமளித்தவர் தன் பாதுகாப்புக் கருதி, "என் விபரத்தை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால், மறைத்தல் போதாது. கணினி வேறு கைகளுக்குப் போனால் மறைத்ததை எவரும் வாசிக்கலாம். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தன் தரவை அழிக்கக் கோரும் உரிமையைச் சில நிபந்தனைகளுடன் குறிப்பிடுகிறது.

அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜாங்கோவில் பதிவை அழித்தாலும், அதனுடன் பதிவேற்றிய புகைப்படமும் ஒலிப்பதிவும் சேவையகத்தில் அப்படியே இருக்கும். அவற்றைத் தனியாக அழிக்க வேண்டும். காப்புப்பிரதிகளிலும் அந்த விபரம் இருக்கும். எத்தனை பிரதிகள், எங்கே, எவ்வளவு காலத்துக்கு என்பதை எழுதிவைத்திராத அமைப்பு, "அழித்துவிட்டோம்" என்று ஒருவருக்கு உறுதி கூற முடியாது.

எதை அழிக்கக்கூடாது, யார் கேட்டால் அழித்தே ஆகவேண்டும் என்ற இரண்டையும் நிரலாளரிடம் மட்டும் விட்டுவிடலாகாது. தம் கதையைக் கொடுத்தவர்களுடன் பேசி, அந்த முடிவை முதலிலேயே எடுத்து எழுதிவைக்க வேண்டும். நிரல் அதற்குப் பின்னர் வரவேண்டியது.