செத்தல் மிளகாயும் ஷெனாய் அறிக்கையும்

கிளிநொச்சியில் வயதான கமக்காரர் எவரிடமும் 1977ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்; பேச்சு மிளகாயில்தான் வந்து நிற்கும். "சிறிமா காலத்தில செத்தல் வித்த காசிலதான் தம்பி இந்தக் கல்வீடு. ஜே.ஆர். வந்தார், கப்பல்ல மிளகாய் வந்திறங்கிச்சு. எங்கட மிளகாய் சாக்கோட கிடந்தது" என்றார் முரசுமோட்டையில் ஒரு ஐயா. விசுவமடு, முத்தையன்கட்டு படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்களிடமும் இதே கதைதான் இருக்கிறது. இறக்குமதியைத் திறந்துவிடும் எண்ணத்தை ஜே.ஆர். ஜெயவர்தனா எங்கிருந்து பெற்றார் என்பதே நான் தேடத் தொடங்கிய கேள்வி.

வன்னியில் இருந்துகொண்டு பழைய தாள்களைத் தேடுவது எளிதல்ல. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டன. கமக்காரர் வீடுகளில் எஞ்சியிருந்த கணக்குக் கொப்பிகளும் சங்கக்கடைப் பதிவேடுகளும் 2008, 2009 இடப்பெயர்வுகளில் மண்ணோடு போயின. நூலக நிறுவனம் மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கும் பழைய இதழ்கள் ஒரு துணை. மற்றதற்குக் கொழும்பு 7இல், பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குத்தான் போக வேண்டும். அந்தத் தெருவின் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

1977இலிருந்து பின்னோக்கிப் போனால் தடம் 1966இல் ஒரு பெயரைக் காட்டுகிறது: பி.ஆர். ஷெனாய். அப்போது டட்லி சேனநாயக்க பிரதமர், வன்னிநாயக்க நிதி அமைச்சர். ஜெயவர்தனாவோ இராஜாங்க அமைச்சர். நிதி அவருடைய துறையே அல்ல. இருந்தும், இலங்கைப் பொருளாதாரத்தை ஆராய்ந்து அறிக்கை தரும்படி அகமதாபாத்தில் இருந்த ஷெனாயை அழைத்தவர் அவர்தான். இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துங்கள், நாணயத்துக்கு உண்மையான மதிப்பைக் கொடுங்கள், வரவுக்கு மேல் அரசு செலவழிப்பதை நிறுத்துங்கள் என்ற திசையில் ஷெனாய் வழி காட்டினார். டட்லி அந்த வழியில் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு 1953ஐப் பார்க்க வேண்டும். அன்று நிதி அமைச்சராக இருந்த ஜெயவர்தனா கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஆகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தாலில் நாடு கொதித்தது, சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அப்போதும் பிரதமராக இருந்த டட்லி பதவி விலகினார். அந்தக் காயம் பட்டவர் அரிசியில் மறுபடி துணிந்து கைவைப்பாரா? 1966 டிசம்பரில் இரண்டு கொத்து மலிவரிசியை ஒரு கொத்து இலவச அரிசியாக மாற்றினார். அதற்கு மேல் போகவில்லை. அவருடைய அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சராக இருந்தவர், சுவடிகள் திணைக்களத் தெருவுக்குப் பெயர் தந்த அதே பிலிப் குணவர்தன, இலங்கை இடதுசாரி இயக்கத்தின் மூத்த தலைவர். ஷெனாயின் அறிக்கை அந்த மேசையில் ஏற்கப்பட்டிருந்தால்தான் எனக்கு வியப்பாக இருந்திருக்கும்.

யார் இந்த ஷெனாய்? இன்றைய காசர்கோடு மாவட்டத்தில் பெல்லிகோத்தில் 1905இல் பிறந்தவர். பனாரஸில் படித்து, பின் லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போய், 1931இல் அங்கு பொருளியலாளர் ஹயெக் ஆற்றிய விரிவுரைகளைக் கேட்டவர். இந்தியாவில் அவரை நினைவில் வைத்திருப்பது 1955க்காக. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர் குழுவில் அவர் ஒருவர்தான் எதிர்க்குறிப்பு எழுதினார். மக்களின் சேமிப்பு தாங்காத அளவுக்குத் திட்டம் போடுகிறீர்கள், பற்றாக்குறையை நோட்டு அடித்து நிரப்பினால் விலைவாசி ஏறும், அந்தச் சுமை ஏழையின் தலையில் விழும் என்பது அவர் வாதம். திட்டத்தில் பற்றாக்குறை நிதி மட்டும் 1,200 கோடி ரூபாய். 1957இலேயே இந்தியா அந்நியச் செலாவணி நெருக்கடியில் மாட்டியது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது 1941இல் லாங்மன்ஸ் வெளியிட்ட அவருடைய நூல். அதன் பொருள் இலங்கையின் நாணயமும் வங்கியும்! 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்த பிறகு இங்கே நோட்டு வெளியிடும் பொறுப்பு ஒரு நாணயச் சபைக்குப் போனது. அச்சிடும் நோட்டுக்கு ஈடு வைத்தாக வேண்டும்; ஆட்சியாளர் நினைத்தபடி அச்சிட முடியாது. 1950இல் மத்திய வங்கி வந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. தில்லியோடு மோதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நோட்டடிக்க முடியாத ஓர் அரசை இலங்கையில் அவர் கூர்ந்து படித்திருந்தார். 1955 எதிர்க்குறிப்பின் வேர்களில் ஒன்று இந்தத் தீவில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இனி மிளகாய்க்கு வருவோம். 1970க்குப் பிறகு செத்தல், வெங்காயம் இறக்குமதியைப் பிரதமர் சிறிமாவோவின் அரசு இறுக்கியது. வன்னியில் உழவு இயந்திரங்கள் வந்தன, கல்வீடுகள் எழும்பின. அந்தப் பணத்தைக் கொடுத்தது யார்? மலையகத் தோட்டத் தொழிலாளியும் கொழும்புச் சேரியில் இருந்தவரும் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். ஷெனாயின் கண்ணால் பார்த்தால் இது தப்பாமல் தெரியும்; அதை நாம் மறைக்கக் கூடாது. அதே சிறிமா காலத்தில்தான் நெல்லை நெல் சந்தைப்படுத்தும் சபைக்கே விற்க வேண்டியிருந்தது. இரண்டு கொத்து அரிசிக்கு மேல் கொண்டுபோனால் வீதித் தடையில் பறித்தார்கள். மிளகாயில் வாழ்ந்த அதே கமக்காரர் நெல்லில் கட்டுண்டு கிடந்தார்.

1977 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் ஜே.ஆரின் நிதி அமைச்சர் ரொனி டி மெல் இரட்டைச் செலாவணி விகிதத்தை ஒழித்தார், டொலர் 16 ரூபாயானது, இறக்குமதி திறந்தது. இதுவரை ஷெனாய். அதற்கு அடுத்த பக்கத்தில் அவர் இல்லை. முப்பது ஆண்டு மகாவலித் திட்டத்தை ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்கப் புறப்பட்டு, வெளிநாட்டு உதவியையும் பெரும் பற்றாக்குறையையும் நம்பிய அரசு, வாழ்நாள் முழுவதும் அவர் எதிர்த்ததையே செய்தது. அந்த மகாவலித் தண்ணீர் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்கு வரவும் இல்லை. ஷெனாய் 1978இல் காலமானார்.

ஆகவே முரசுமோட்டை ஐயாவின் குற்றச்சாட்டில் ஷெனாய்க்கு ஒரு பங்கு உண்டு, முழுப் பங்கு இல்லை. கட்டுப்பாடு ஏழையைத் தின்னும் என்று அவர் சொன்னது சரி. ஆனால் அரசே காணி கொடுத்து, அரசே வேலி போட்டுக் காத்து, மிளகாய் நடச் சொன்ன வாலிபர்களுக்கு, வேலியைப் பிடுங்கும்போது கால அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். 1977இல் அதைப் பற்றி யார் யோசித்தார்கள் என்பதை அறிய, ஹன்சாட்டில் வட பகுதி உறுப்பினர்களின் உரைகளை இப்போது ஒவ்வொன்றாகப் படித்துவருகிறேன். செத்தலின் அந்தர் விலையைக் குறித்துவைத்த பழைய கொப்பி எவர் வீட்டிலாவது தப்பியிருந்தால், அதை நேரில் வந்து பார்க்க விரும்புகிறேன்.