எக்ஸ்சேஞ்சின் ஞாபகசக்தி

1977 நவம்பரில் திருச்சிக்குள் வெள்ளம் வந்தபோது எங்கள் அலுவலகத்தில் இருந்தது, ஆள் உட்கார்ந்து இணைப்புக் கொடுக்கும் பழைய போர்டு. யார் எந்த அறையில் இருக்கிறார், யாருக்கு டிரங்க் கால் தரலாம், யாருக்குத் தரக்கூடாது எல்லாம் ஆபரேட்டர் அம்மாளுக்கு மனப்பாடம். கரண்ட் போனாலும் அவர் ஞாபகம் போகாது. லீவு போட்டால்தான் திண்டாட்டம்!

1882 ஜனவரி 28-ல் கல்கத்தா, பம்பாய், சென்னையில் தொலைபேசி நிலையங்கள் தொடங்கியதும் இப்படி மனிதர்களை நம்பித்தான். 1891-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரோஜர் என்பவர் தானியங்கி முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பிணப்பெட்டி வியாபாரி அவர். அந்த முறையில் எந்த எண் யாருக்கு என்பது ஒயர் இணைப்பிலேயே இருக்கும். அதற்கு நகல் ஒரு ரிஜிஸ்டர்தான்.

எண்பதுகளில் எல்லாம் மாறியது. 1984 ஆகஸ்டில் சி-டாட் தொடங்கி, 128 இணைப்புள்ள சிறு எக்ஸ்சேஞ்சை உருவாக்கினார்கள். உத்தரப் பிரதேசம் மன்காபூரில் ஐ.டி.ஐ. ஆலை, பிரெஞ்சு அல்காடெல்லின் ஈ-10-பி எக்ஸ்சேஞ்சைத் தயாரித்தது. அந்த வகையின் மூதாதை 1970-ல் பிரான்ஸின் பெரோஸ்-கீரெக் என்ற கடற்கரை ஊரில் ஓடத் தொடங்கியது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இதில் சின்னப் பெருமை. நகலெடுத்து வைப்பதை அவர்கள் 'சோவ்கார்த்' என்பார்கள். திரும்ப ஏற்றுவது 'ரெஸ்தோராசியோன்'. ஹோட்டல் தொழிலுக்கும் அதே சொல்தான்!

எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு ஈ.பி.ஏ.பி.எக்ஸ். வந்தது. எக்ஸ்டென்ஷன் எண்கள், எஸ்.டி.டி. பூட்டு, இரவில் வரும் அழைப்பு எங்கே ஒலிக்க வேண்டும், எல்லாம் ஒரு கார்டின் நினைவகத்தில். கரண்ட் இல்லாதபோது அதைக் காப்பது சின்ன பேட்டரி. நான் பொறுப்பு குமாஸ்தா. ஒவ்வொரு கோடையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அதையும் பிரெஞ்சில்! யாரும் கை வைக்கக்கூடாது என்ற அசட்டு எண்ணம்.

2005 நவம்பர். மறுபடி வெள்ளம். மூன்று நாள் கரண்ட் இல்லை, பேட்டரியும் வயதானது. கரண்ட் வந்தபோது இயந்திரம் எல்லாவற்றையும் மறந்து, கம்பெனியில் கொடுத்த எண்களோடு எழுந்தது. நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டில் மாட்டிக்கொண்டேன். நோட்டு அலுவலகத்தில். அதிகாரியின் மேசையில் இருந்த நேர் லைனில் ஜூனியர் தம்பி எழுத்துக் கூட்டிப் படிக்க, நான் அர்த்தம் சொல்ல, அவர் ஒவ்வொரு கோடாக அழுத்தினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

ஒன்று மட்டும் தப்பியது. முந்தைய ஆண்டு இரவு அழைப்பைக் குடோன் அறையிலிருந்து காவலாளி அறைக்கு மாற்றியிருந்தோம். அதை நான் நோட்டில் ஏற்றவில்லை. அன்று இரவு முழுக்க, தண்ணீர் புகுந்த தெருக்களிலிருந்து வந்த அழைப்புகள் பூட்டிய குடோனில் ஒலித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. காலையில் குடோன் திறந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. யார் யார் கூப்பிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

அந்த மாதமே நோட்டைத் தமிழில் திரும்ப எழுதினேன், இரண்டு பிரதி. ஒன்று பீரோவில், ஒன்று காவலாளி அறையில். 2007-ல் ஓய்வு பெறும்போது சார்ஜ் ஒப்படைப்புப் பட்டியலில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன். வாங்கிக்கொண்ட தம்பி, "இப்போ எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கே சார்" என்றார். "இருக்கட்டும்பா" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.