செத்த காலேஜில் ஓர் உயிருள்ள பாடம்



பட்டணம் போய் வந்தவர்கள் 'செத்த காலேஜ்', 'உயிர் காலேஜ்' பார்த்தோம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். உயிர் காலேஜ் என்றால் மிருகக்காட்சிசாலை. செத்த காலேஜ் என்றால் எழும்பூர் அருங்காட்சியகம். 1851-ல் நுங்கம்பாக்கத்தில் சுமார் 1,100 பாறை, கனிம மாதிரிகளோடு தொடங்கி, பிறகு எழும்பூருக்கு மாறியது. அதை முதலில் கவனித்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். மரம் இருந்தால் மழையும் ஈரமும் நிற்கும் என்று 1849-லேயே எழுதியவர். உயிர் காலேஜும் அவர் இங்கே வளர்த்த மிருகங்களில் இருந்து வந்ததுதான்.

நம்ம பகுதி விவசாயிகள் சிலரை ஒருமுறை அங்கே கூட்டிப் போனேன். திமிங்கில எலும்புக்கூட்டை எல்லோரும் வாய் பிளந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களை விட்டு நகரவில்லை.

தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பவர் தோண்டினார். முதுமக்கள் தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், பொன் பட்டங்கள் எல்லாம் கிடைத்தன. தாழிகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும்கூட இருந்தன.

"ஏன் ஐயா, செத்தவங்களுக்குப் பொன்னோட நெல்லையுமா வச்சாங்க?" என்றார் பெரியவர்.

"ஆமாம் பெரியவரே. உமி இருந்ததாலேதான் அன்றைக்கே நம்மவர்கள் நெல்லும் தினை வகையும் கையாண்டது தெரிகிறது" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "எங்க கிணறு வெட்டுறப்போ இதே மாதிரி தாழி வந்துச்சு. பொன் இருக்கும்னு கடப்பாரையால உடைச்சோம். உள்ளே மண்ணும் உமியும்தான். அள்ளிக் கொட்டிட்டோம்" என்றார்.

அவருக்கு என்ன பதில் சொல்வது? கொட்டிய உமியைத் திரும்ப அள்ள முடியாது. தாழி எந்த ஆழத்தில், எதோடு கிடந்தது என்பதுதான் அதன் பத்திரம். உடைத்துவிட்டால் பத்திரமும் போச்சு.

அதனால் உழும்போதோ, கிணறு தோண்டும்போதோ தாழி, பழங்காசு, சிலை எது வந்தாலும் வேலையை நிறுத்துங்கள். கையை வைக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

சென்னை போனால் பிள்ளைகளோடு எழும்பூருக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.