அரிக்கமேட்டு மணியும் ஒளியின் தளமும்

புதுச்சேரியின் வில்லியனூரைக் கடந்து கடலை நெருங்கும் சங்கராபரணியின் ஒரு கிளைதான் அரியாங்குப்பம் ஆறு. அதன் கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டினார். பிறகு கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டினார்கள். வீலரின் கண் ரோமானியப் பானையோட்டின் மேல் இருந்ததால், அரிக்கமேடு என்றாலே யவனர் வணிகம் என்று பாடப்புத்தகம்வரை நிலைத்துவிட்டது. ஆனால் அங்கே வேரூன்றியிருந்த தொழில் மணி செய்வது. அந்தச் சிவப்புக் கண்ணாடி மணிகளின் நிறத்துக்குக் காரணம் சாயமில்லை. காற்றுக் குறைந்த உலையில் செம்பு நுண்துகள்களாகப் பிரிந்து கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடுவதுதான். நுண்ணமைப்பால் ஒளியை ஆளும் இன்றைய மெட்டாமெட்டீரியலுக்கு இதுவே மூதாதை என்று சொல்லிவிட ஆசை வரும். பாதிதான் சரி.

நிறத்துக்குத் துகள் சிறிதாக இருந்தால் போதும். எல்லாத் திசைகளிலும் அதிரும் ஒளியை ஒரே தளத்தில் அதிரவைக்க, அதாவது தளவிளைவுக்கு, துகள்கள் நீண்டு ஒரே திசையில் படுத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் வெள்ளி உப்புத் துகள்கள் கொண்ட கண்ணாடியை இழுத்து நீட்டி, பின் ஹைட்ரஜனில் அவற்றை வெள்ளியாக்கி, மெல்லிய தளவிளைவுத் தகடு செய்தது. உலோகத் துகள், சூட்டில் இழுப்பு: இரண்டும் அரிக்கமேட்டிலும் இருந்தன! கண்ணாடியைக் குழாயாக இழுத்துத் துண்டாக்கினார்கள் என்பதற்குக் கழிவுத் துண்டுகளே சாட்சி. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அந்த முறை நம் காலம்வரை பிழைத்திருந்தது. அப்படியானால் தளவிளைவு ஏன் கிட்டவில்லை? இளகிய கண்ணாடியில் நுண்துளி நீண்டாலும் பரப்பு இழுவிசை அதை உடனே உருண்டையாக்கிவிடும். துகளை நீட்ட, கண்ணாடி கெட்டிப்படும் பதத்தில் பெருவிசையோடு இழுக்க வேண்டும். மணிக்காரருக்கோ இளகிய பதம்தான் வசதி. வெட்டிய துண்டின் கூர்முனை மழுங்க மறுபடியும் சுடவும் வேண்டும். ஒளி ஊடுருவாத மணியில் தளவிளைவைச் சோதிக்கவும் வழியில்லை.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது அவர்கள் திறமையைக் குறைப்பதாகாதா? இல்லை. ஒரே சிவப்பை உலைக்கு உலை திரும்ப எடுத்தது பெரிய வித்தை. கேட்காத கேள்விக்கு விடை சொன்னார்கள் என்று புகழ்வதுதான் அதை மறைக்கிறது. அமைப்பைக் கொண்டு அலையின் தளத்தை ஆள முடியுமா என்ற அந்தக் கேள்வியை அறிந்தே கேட்டவர் இயற்பியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ். 1898இல் அவர் முறுக்கிய சணல் கற்றைகளின் ஊடே மின்காந்த நுண்ணலையைச் செலுத்தினார். அலையின் தளம் திரும்பியது. முறுக்கை எதிர்ப்பக்கமாக மாற்றினால் தளமும் எதிர்ப்பக்கம் திரும்பியது. புதுச்சேரியின் பாகூர் வயலில் வைக்கோல் பிரி திரிப்பவர் கைக்கும் பழகிய இடமுறுக்கு, வலமுறுக்குதான் அவை.